முதல் நாள் கையெழுத்து

இன்ஸ்பெக்டர் இறந்துபோனது ஒரு திங்கட்கிழமை மதியம். அவர் எந்தக் காவல் நிலையத்திலும் வேலை பார்த்தவரில்லை. மூன்றாம் இல்லத்தின் வாசல் கதவருகே நாள் முழுவதும் நின்றுகொண்டு, வருகிறவர் யாராக இருந்தாலும் பையைத் திறந்து காட்டச் சொல்வார். காட்டினால் தலையை ஆட்டி உள்ளே விடுவார். காட்டாவிட்டால் வழிவிட மாட்டார். தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தவரை ஒருமுறை அரைமணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்திருக்கிறார். வயது நாற்பத்து நான்கு. பேச்சு இருபது சொற்களுக்கு மேல் கிடையாது. அந்த மிடுக்கைப் பார்த்து யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த இல்லத்தையும் அதுபோல இன்னும் மூன்று இல்லங்களையும், அடுத்த தெருவில் ஒரு பகல்நேரப் பயிற்சி மையத்தையும், அதன் கீழ்த்தளத்தில் மனநல ஆலோசனைப் பிரிவையும் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திவந்தது. எல்லாவற்றுக்கும் பொறுப்பாக இருந்தவள் ஒரு பெண். அறைக் கதவில் 'சேவை இயக்குநர்' என்று எழுதியிருக்கும். ஊழியர்களுக்கு மேடம், இல்லங்களில் இருந்தவர்களுக்கு அக்கா. ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஆலோசகராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்து, கடைசியில் யாருக்கும் ஆலோசனை சொல்ல நேரமில்லாத நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள் கணவர் இதைக் கேலி செய்வதுண்டு. "ஊர்ல இருக்கிறவங்க பேச்செல்லாம் கேக்கறே. வீட்டுக்கு வரும்போது மட்டும் காதை ஆபீஸ் டிராயர்ல வச்சுப் பூட்டிட்டு வந்துடறே" என்பார்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு இரண்டாம் இல்லத்திலிருந்து போன் வந்தது. அங்கே ஒரு பெண் குளியலறைக் கண்ணாடியை உடைத்து, ஒரு சில்லைக் கையில் இறுகப் பிடித்தபடி யாரையும் கிட்டே விடாமல் நின்றாள். ஆள் போதவில்லை. ஒரே மாதத்தில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போயிருந்ததால் எந்த இல்லத்திலுமே ஆள் போதவில்லை. இயக்குநர் மூன்றாம் இல்லத்தின் அனுபவமுள்ள உதவியாளரை அங்கே ஓடச் சொன்னாள். அந்தப் பெண் பத்தரைக்குள் அடங்கிவிட்டாள். சில்லை அவளே குப்பைத் தொட்டியில் போட்டாள். ஆனால் அவளைத் தனியாக விடப் பயந்து, போன உதவியாளர் அங்கேயே இருக்கும்படி ஆயிற்று.

மூன்றாம் இல்லத்தில் ஆறு ஆண்களோடு தனியாக இருந்தவள், சேர்ந்து பதினோரு நாளே ஆன ஒரு பெண். அதற்கு முன் இருபது வருடம் ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டவள். முழங்கால் வலியால் அந்த வேலை முடியாமல் இங்கே வந்திருந்தாள். இல்லத்தில் இருந்தவர்கள் அவளை 'புது அம்மா' என்று கூப்பிட்டார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு விழுங்குவதில் சிரமம் உண்டு. எதுவானாலும் குழைத்துத்தான் கொடுக்க வேண்டும். சின்னக் கரண்டி, நிமிர்ந்து உட்காரவைத்தல், பக்கத்தில் ஓர் ஆள். சாப்பாடு எடுத்துக்கொடுக்கும் யாரும் முதலில் இதற்கென்று அரைநாள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி.

பன்னிரண்டே முக்காலுக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். காதில் விழுவதையெல்லாம் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒருவர் அங்கே உண்டு, ரேடியோ என்று பெயர். அவருக்கு வலிப்பு வந்தது. நாற்காலியோடு சாய்ந்தார். புது அம்மா ஓடிப்போய் அவரைப் பக்கவாட்டில் திருப்பி, தலைக்குக் கீழே தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் ரேடியோவின் தட்டிலிருந்த அவித்த முட்டையை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

அவள் திரும்பிப் பார்த்தபோது அவர் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். சத்தமே இல்லை. உதடு கருநீலமாகியிருந்தது. முதுகில் அடித்தாள். வாய்க்குள் விரலை விட்டாள். தெருவுக்கு ஓடி அலறினாள். ஆம்புலன்ஸ் வரப் பத்தொன்பது நிமிடம் ஆயிற்று.

*

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இன்ஸ்பெக்டரின் அக்காவுக்கு விஷயத்தைச் சொன்னது இயக்குநர்தான். அந்த அக்கா வீட்டிலேயே துணி தைத்துப் பிழைக்கிறவள். தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள். சேலையில் அங்கங்கே நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அவள் அழவில்லை. விவரமாகக் கேட்டாள்.

"கடைசியா என்ன சாப்பிட்டான்?"

"முட்டை."

"முட்டைன்னா உசிரு அவனுக்கு. மசிச்சுத்தானே குடுப்பீங்க?"

"மசிச்சுத்தான் குடுப்போம். பக்கத்துத் தட்டுல இருந்து எடுத்துட்டார்."

"ஆளு இருந்தாங்களா பக்கத்துல?"

இயக்குநரின் பார்வை அவள் சேலையிலிருந்த ஒரு நூல் துணுக்குக்குப் போனது. "இருந்தாங்க" என்றாள்.

பொய்யில்லை. அந்த அறையில் ஓர் ஆள் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சொல் வாயை விட்டு வெளியே போனதும், அதை ஏன் அவ்வளவு கவனமாகப் பொறுக்கி எடுத்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

புது அம்மாவுக்கு அந்த அரைநாள் பயிற்சி நடக்கவே இல்லை. பயிற்சி கொடுக்கும் பேச்சு சிகிச்சையாளர் பிரசவ விடுப்பில் இருந்தார். புது அம்மா சேர்வதற்கு முன்பே இயக்குநர் இரண்டுமுறை தேதி மாற்றியிருந்தாள். அதற்குள் உரிமத்தைப் புதுப்பிக்கும் அதிகாரிகள் ஃபைல்களைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. இல்லங்களின் மேற்பார்வையாளர் போனில், "மேடம், இன்னைக்குச் சேர்ந்த அம்மாவுக்கு ட்ரெயினிங் பேப்பர் இல்லையே, என்ன பண்ண?" என்று கேட்டார். "கையெழுத்து வாங்கி ஃபைல்ல வச்சிருங்க. ட்ரெயினிங்கை அடுத்த வாரம் வச்சுக்கலாம்" என்று சொன்னது அவள்தான். நடந்துகொண்டே பேசினாள். அந்தப் பேச்சு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. சேர்ந்த முதல் நாள் நீட்டப்பட்ட எட்டுத் தாள்களோடு ஒன்பதாவதாக அதிலும் புது அம்மா கையெழுத்துப் போட்டாள்.

*

நான்கு நாள் கழித்து நிறுவனத்தின் தலைவர் இயக்குநரைக் கூப்பிட்டார். பக்கத்தில் வக்கீல். தலைவர் கெட்டவரில்லை. தன் சொந்தக் கட்டடத்தை இல்லத்துக்காக வாடகையில்லாமல் கொடுத்தவர். ஃபைலைப் புரட்டிக்கொண்டே வக்கீல் சொன்னார்: "இதுல நமக்கு ஒண்ணும் பயமில்லை. விதி இருக்கு. பயிற்சி குடுத்திருக்கு, கையெழுத்து இருக்கு. சொல்லிக் குடுத்ததை அந்தம்மா செய்யல. வேலையை விட்டு நிறுத்தியாச்சு. விசாரணைக் குழு கேட்டா இதைச் சொன்னாப் போதும்."

"ட்ரெயினிங் இல்லேன்னு தெரிஞ்சா?" என்று இயக்குநர் கேட்டாள்.

வக்கீல் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இல்லேன்னு யாரு சொன்னா?"

"சும்மா கேட்டேன்."

"லைசென்ஸ் போயிடும். நாலு இல்லமும்."

நான்கு இல்லங்களில் இருபத்தாறு பேர். உரிமம் போனால் அவர்கள் போக ஓரிடம்தான் உண்டு. நகரத்துக்கு வெளியே, ஐந்நூறு கட்டில் போட்ட பெரிய விடுதி. அங்கே பிற்பகல் மூன்று மணிக்கே இரவு உடை மாட்டிவிடுவார்கள், ஆள் மாற்றும் நேரத்துக்கு அது வசதி என்று. இன்ஸ்பெக்டரையும் ரேடியோவையும் பதினேழு வருடங்களுக்கு முன் அங்கிருந்து அழைத்துவந்தவளே அவள்தான். இன்ஸ்பெக்டர் அன்று மொட்டைத் தலையோடு, யாரோ ஒருவருடைய கால்சட்டையில் இருந்தார். அதனால் தலைவரின் அறையில் அவள் வாயை மூடிக்கொண்டாள். தன் வேலைக்காக மட்டும் மூடிக்கொண்டதாக யாரும் சொல்ல முடியாது. வேலைக்காக இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது.

மேற்பார்வையாளர் மாடிப்படியில் அவளைப் பிடித்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. "மேடம், நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். நன்றி சொல்வதா என்று தெரியாமல் அவள் தலையை அசைத்துவிட்டு இறங்கினாள்.

வீட்டில் கணவர் கேலி பேசுவதை நிறுத்தியிருந்தார். சாப்பாட்டு மேசையில் அவள் கவளத்தை உருட்டி உருட்டி வைப்பதைப் பார்த்து, "தொண்டைக்குள்ள இறங்கலையா?" என்றார். கேட்டபின்தான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

*

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு காலை கீழ்த்தளத்து ஆலோசனைப் பிரிவின் வழியாகப் போகும்போது, காத்திருக்கும் பெஞ்சில் கையில் டோக்கனோடு புது அம்மா உட்கார்ந்திருந்ததை இயக்குநர் பார்த்தாள். அவள் எழுந்து நின்றாள்.

"உங்களைப் பாக்க வரல மேடம். டாக்டரைப் பாக்க வந்தேன்."

"என்ன ஆச்சு?"

"எனக்கு மறதி வியாதி வந்துருச்சான்னு பாக்கணும்."

ஆலோசகர்கள் எல்லோரும் உள்ளே ஆட்களோடு இருந்தார்கள். இயக்குநர் அவளைக் காலியாக இருந்த ஓர் அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தாள்.

"வக்கீல் சார் பேப்பரைக் காட்டினாரு" என்றாள் புது அம்மா. "என் கையெழுத்துதான், சந்தேகமே இல்ல. அரைநாள் வகுப்பாம். யாருக்கு எப்படி ஊட்டணும்னு எல்லாம் சொல்லிக் குடுத்தாங்களாம். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரல மேடம். யாரு நடத்தினாங்க, எங்க உக்காந்தேன், ஒண்ணும் வரல. தலையை முட்டிக்கிட்டு யோசிச்சுட்டேன். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க. சொல்லிக் குடுத்ததை மறந்து ஒரு உசிரைக் கொன்னுட்டேன். நாளைக்கு எதை மறப்பேன்னு யாருக்குத் தெரியும்? அடுப்புப் பக்கமே போறதில்ல. பேரனைத் தூக்கறதில்ல. எட்டு மாசக் குழந்தை. கையை நீட்டி நீட்டி அழுவுது. எம்மக வேலையை விட்டுட்டு என்னைக் காவல் காக்கறா."

இருபது வருடப் பழக்கம், இயக்குநரின் கை தானாக மேசையிலிருந்த நினைவாற்றல் பரிசோதனைத் தாளை எடுத்தது. கிழமை கேட்டாள், தேதி கேட்டாள். சாவி, குடை, வாழைப்பழம் என்று மூன்று சொற்களைச் சொல்லி மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். புது அம்மா பரீட்சை எழுதும் பிள்ளையைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். சாவி, குடை, வாழைப்பழம். ஒவ்வொரு பதிலுக்கும் இயக்குநர் ஒரு டிக் போட்டாள். ஐந்தாவதோ ஆறாவதோ டிக் போடும்போது பேனா நின்றது. விடை தெரிந்த கேள்வியை வைத்துக்கொண்டு, தான் யாரை எதற்காகச் சோதித்துக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் வந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"உங்களுக்கு மறதி இல்ல" என்றாள்.

"இன்னும் முடியலையே மேடம், அதுக்குள்ள—"

"அந்த வகுப்பு நடக்கவே இல்ல."

புது அம்மா புரியாமல் பார்த்தாள்.

"அப்ப பேப்பரு?"

"அதிகாரிங்க வர்றாங்கன்னு கையெழுத்து மட்டும் வாங்கி வைக்கச் சொன்னேன். நான்தான் சொன்னேன்."

வெளியே டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். புது அம்மாவின் எண்தான். அவள் அசையவில்லை.

"வக்கீல் சாருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இந்த மூணு வாரமும் தெரியும்."

"ஆமா."

கத்துவாள், திட்டுவாள் என்று இயக்குநர் எதிர்பார்த்தாள். அப்படி நடந்திருந்தால் தாங்கியிருக்கலாம். புது அம்மா கையிலிருந்த டோக்கனை மேசையில் வைத்து விரலால் தள்ளினாள். "எம்மக கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்றாள். "நான் சொன்னா நம்ப மாட்டா. நான்தான் மறதிக்காரி ஆச்சே."

அப்போதே போனார்கள். இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒற்றை அறையும் சமையல் மூலையும் உள்ள வீடு. மகள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி கதவைத் திறந்தாள். இயக்குநர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்ததும் மகள் குழந்தையைத் தன் அம்மாவிடம் நீட்டினாள். புது அம்மா சட்டென்று வாங்கவில்லை. கைகளைச் சேலையில் இரண்டுமுறை துடைத்தாள். அப்புறம்தான் வாங்கினாள். மகள் இயக்குநரைப் பார்த்து, "போங்க" என்றாள். மரியாதைக்கான அந்த 'ங்க'வைத் தவிர அதில் மரியாதை எதுவும் இல்லை.

*

விசாரணைக் குழுவின் முன் இயக்குநர் பேசியது பத்து நிமிடம். பயிற்சி நடக்காதது, கையெழுத்து, காலை ஒன்பதரைக்குத் தான் ஆளை மாற்றியது, எல்லாம் சொன்னாள். மேற்பார்வையாளர் தன் உத்தரவுப்படிதான் செய்தார் என்றும் சொன்னாள். குழுவில் ஒருவர், "இதையெல்லாம் இப்ப ஏன் சொல்றீங்க?" என்று கேட்டார். பதில் சொல்லப் போனாள். மூன்று வாரம் ஏன் சொல்லவில்லை என்பதுதான் சரியான கேள்வி என்று தோன்றியது. "முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள்.

தலைவர் அன்று மாலையே ராஜினாமா கடிதம் கேட்டார். எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார் அவர். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது அந்தக் குரலில்.

நான்கு இல்லங்களின் உரிமமும் மொத்தமாகப் போய்விடவில்லை. வக்கீலின் திறமையோ, அவள் பழியைத் தன் மேலே இழுத்துப் போட்டுக்கொண்டதோ, மூன்றாம் இல்லத்தை மட்டும் மூடச் சொன்னார்கள். அங்கே மீதமிருந்தது ஐந்து பேர். மற்ற இல்லங்களில் இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. ஒருவரை அவருடைய தம்பி தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மற்ற இருவரை, ரேடியோவையும் கண் பார்வை குறைந்த ஒரு முதியவரையும், பெரிய விடுதிக்கு அனுப்பினார்கள்.

அவர்களை வேனில் ஏற்றிவிட்டது மேற்பார்வையாளர்தான். அவருக்கு வேலை போகவில்லை, ஓய்வூதியத்தில் கைவைத்தார்கள். அவர் அன்று அவளுக்கு போன் செய்தார்.  "உங்க மனசுல இருந்த பாரத்தை இறக்கி வச்சுட்டீங்க மேடம். நல்லது. இந்த ரெண்டு பேரு தலையில வச்சுட்டீங்க. வேன்ல ஏறும்போது ரேடியோ என்ன சொல்லிட்டே இருந்தாருன்னு தெரியுமா? நான் சொன்னதையேதான். 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல.'"  அவர் சொன்னதில் மறுக்க எதுவும் இருக்கவில்லை. போனை வைத்தபின்பும் நெடுநேரம் கண்ணாடிக் கடையின் பின்னறையில், பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த ஃபிரேம்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கணவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து பக்கத்தில் அமர்ந்தார். 

இன்ஸ்பெக்டரின் அக்காவைப் பார்க்க மூன்றுமுறை போனாள். இரண்டுமுறை கதவு திறக்கவில்லை, உள்ளே தையல் மெஷின் ஓடுவது மட்டும் கேட்டது. மூன்றாம்முறை திறந்தது. அக்கா உள்ளே கூப்பிடவில்லை.

"ஆளு இருந்தாங்களான்னு அன்னைக்குக் கேட்டேன். இருந்தாங்கன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அவனை உங்ககிட்ட விட்டுட்டுத்தான் பதினேழு வருஷம் நான் நிம்மதியாத் தூங்கினேன்." கதவைப் பாதி சாத்தினாள். "அந்த நிம்மதியையும் சேர்த்து எடுத்துட்டீங்க. இனிமே வராதீங்க."

அவள் அதற்குப் பிறகு அங்கே போகவில்லை.

புது அம்மாவின் மேல் இருந்த குற்றச்சாட்டை நீக்கி நிறுவனம் கடிதம் அனுப்பியது. வேலைக்குத் திரும்பி வரலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அவள் வரவில்லை.

பெரிய விடுதியில் ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பார்வையாளர் நேரம். முன்பெல்லாம் இயக்குநரின் கார் நேராக உள்ளே போகும், கண்காணிப்பாளர் எழுந்து நின்று வரவேற்பார். இப்போது மற்றவர்களோடு வரிசையில் நின்றாள். முதியவர் அவளுடைய குரலைக் கேட்டுத் தடவித் தடவி வந்து, தன் கட்டிலுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். கழிப்பறைக்குப் போகும் வழியில் எத்தனை தூண் இருக்கிறது என்று விவரித்தார். இரண்டுமுறை விழுந்தாராம். ரேடியோ அறையின் மூலையில், "வரிசையில நில்லு, வரிசையில நில்லு" என்று காவலாளியின் அதட்டலை அப்படியே அதட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்கவில்லை.

"எப்ப வீட்டுக்கு?" என்று முதியவர் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு எப்போதும் சொல்லும் சமாதானங்கள் அவளிடம் நிறைய இருந்தன. பலரிடம் சொல்லியும் இருக்கிறாள். "தெரியலங்க" என்றாள். "தேடிட்டு இருக்கேன்."

தேடினாள். சம்பளமில்லாமல், பதவியில்லாமல், மற்ற நிறுவனங்களின் வரவேற்பறைகளில் காத்திருந்து காத்திருந்து தேடினாள். சில இடங்களில் அவள் பெயரைக் கேட்டதுமே முகம் மாறியது. பதினான்கு மாதம் கழித்து ரயிலில் ஐந்து மணி நேரத் தொலைவில் ஒரு சிறிய இல்லத்தில் ஓர் இடம் கிடைத்தது. வலிப்பு உள்ளவரைப் பார்க்கத் தங்களிடம் நர்ஸ் இல்லை, மற்றவர் என்றால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். முதியவரை அவளே கூட்டிப்போய் விட்டுவந்தாள். அங்கே கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு ஏழே காலடி தூரம்.

ரேடியோவுக்கு இடம் இன்னும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஆறரை பஸ்ஸில் அவள் விடுதிக்குப் போகிறாள்.